கேட்டால்தான் கிடைக்கும்

தாம்பரம், ஆவடி பக்கத்துக் கல்லூரிகளுக்கு மின்சார ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு சேதி: இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட்டில் மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம்தான். பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண்களுக்கோ, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே அது இலவசம். கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, முதல்வரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள சலுகைச் சான்றை வாங்கி, டிக்கெட் கவுன்டரில் கொடுக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்துக்குப் போய் நிற்பது வீண்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம். மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வருவதால், ஆதாரை முன்பே இணைத்துவிடுவது நல்லது. கல்லூரியில் படிப்பதை உறுதிசெய்யும் போனஃபைடு சான்றிதழில் கூடுதலாக ஒரு பிரதி கையிலிருக்கட்டும்; கல்விக் கடனுக்கும் கேட்பார்கள்.