காணொளி ஆலோசனையின் நடுவே வைஃபை நின்றுபோனால்

டாப் செங்காட்டுப்பட்டியிலோ பச்சைமலையின் வேறொரு சிற்றூரிலோ வாழும் ஒருவர் மறுபரிசோதனைக்காகத் திருச்சிக்கு வந்து திரும்ப ஒரு பகல் முழுவதும் கழிகிறது. துணைக்கு வருபவரின் அன்றைய கூலியும் போகிறது. 2020 மார்ச்சில் நடுவண் அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டது. அடுத்த மாதமே இ-சஞ்சீவனி வழியாக வீட்டிலிருந்தபடி மருத்துவரைக் காணும் வசதியும் வந்தது. எனினும், இன்சுலின் அளவை மருத்துவர் கூறும் வேளையில் திரை உறைந்துவிட்டால், பாதி கேட்ட அளவை ஊகித்து ஊசி போட்டுக்கொள்ளும் ஆபத்து நேர்கிறது.

இணைப்பு அறுந்ததும் பலரும் கணினியையே குறை கூறுகின்றனர். நோயறிதலைப் போலவே இங்கும் முதலில் இடத்தைக் கண்டறிதல் வேண்டும். கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் இணையம் வருகிறதா என்று பாருங்கள். டேட்டாவை அணைக்க மறந்தால் இச்சோதனை பொய் சொல்லும்.

கைப்பேசியிலும் வரவில்லையெனில் குறை ரவுட்டரிலோ அதற்கு அப்பாலோ உள்ளது. ரவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்துப் போட்டு, விளக்குகள் நிலைபெறும்வரை இரண்டு மூன்று நிமிடங்கள் பொறுத்திருங்கள். ஃபைபர் இணைப்பில் எல்.ஓ.எஸ். என்று குறித்த விளக்கு சிவப்பாக எரிந்தால், கம்பி வழியே ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். கம்பி சரியாகச் செருகப்பட்டுள்ளதா என்று பார்த்தபின் இணைப்பு தந்தவரை அழைப்பதே வழி. ஊசித்துளை போன்ற ரீசெட் பொத்தானை மட்டும் அழுத்த வேண்டாம்; கடவுச்சொல் உள்ளிட்ட அமைப்புகள் யாவும் அழிந்துவிடும்.

கைப்பேசியில் வந்து கணினியில் வரவில்லையெனில், விமானப் பயன்முறை தவறுதலாக அழுத்தப்பட்டிருக்கலாம். அதுவும் இல்லையெனில், கணினியில் சேமித்த அந்த வைஃபையின் பெயரை நீக்கி, கடவுச்சொல்லிட்டு மீண்டும் இணையுங்கள். இணைப்பு விவரத்தில் ஐ.பி. முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் தரவேண்டிய முகவரி கணினிக்குக் கிடைக்கவில்லை. இரண்டையும் அணைத்துப் போடுவது பெரும்பாலும் உதவும். பழைய கணினிகளில் இன்னொன்றும் உண்டு. உள்ளிருக்கும் சிறு பேட்டரி தீர்ந்து, தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போயிருக்கும். அப்போது வைஃபை நன்றாக இருந்தும், தளங்கள் ‘பாதுகாப்பற்றது’ என எச்சரித்துத் திறக்க மறுக்கும். தேதியைத் திருத்தினால் போதும்.

படம் மட்டும் விட்டு விட்டு வருகிறதா? 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆயினும் சுவர்களைக் கடக்கையில் விரைவில் வலுவிழக்கும். 2.4 அதைவிட நெடுந்தூரம் செல்லும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடினால் தடுமாறும். ரவுட்டரை இரும்பு பீரோவின் பின்னே ஒளித்துவைக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். கணினியை ரவுட்டருடன் கம்பியால் இணைப்பது எல்லாவற்றினும் உறுதியானது. சிம் அட்டையில் இயங்கும் ரவுட்டரெனில், மலைமுகடு கோபுரத்தை மறைக்காத பக்கத்துச் சன்னலோரம் வைத்துப் பாருங்கள்.

இவற்றை ஆலோசனைக்கு முந்தைய நாளே சோதித்துவிடுங்கள். அன்று ஐந்து நிமிடங்களில் சரியாகவில்லையெனில் போராட வேண்டாம். குரல்வழி ஆலோசனைக்கும் நெறிமுறைகள் இடமளிக்கின்றன. தொலைபேசியில் அழைத்து, மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், நினைவு மயக்கம் இருப்பின் ரவுட்டரின் அருகே செல்லாமல் 108-ஐ அழையுங்கள்.