தண்ணீர் போல இருக்கும், தண்ணீர் அல்ல

கேரளத்தில் ஒரு ரப்பர் தோட்டம். காலை நேரம். தொழிலாளர்கள் ரப்பர் பாலை வாளியில் சேர்க்கிறார்கள். புதிதாக வந்த இளைஞன் ஒரு கேனைத் திறக்கப் போகிறான்.

"மோனே, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள். மூடியை மெல்லத் திற" என்கிறார் பெரியவர்.

"தண்ணீர்தானே, சேட்டா?"

"பார்வைக்குத் தண்ணீர். ஆனால் இது அம்மோனியா நீர்."

மாட்டுத் தொழுவத்தில் மூக்கில் ஏறும் நெடி எல்லாருக்கும் தெரியும். அந்த நெடிதான் அம்மோனியா வாயு. அதில் நைட்ரஜன் ஒரு பங்கு, ஹைட்ரஜன் மூன்று பங்கு. இந்த வாயு தண்ணீரில் எளிதாகக் கரையும். கரைந்த நீருக்கு அம்மோனியம் ஹைட்ராக்சைடு என்று பெயர். சுண்ணாம்பு நீரைப் போல இதுவும் காரத் தன்மை உள்ளது. மஞ்சள் தடவிய தாளில் ஒரு சொட்டு விட்டால் தாள் சிவக்கும்.

ரப்பர் பாலில் இதை ஏன் ஊற்றுகிறார்கள்? மாட்டுப் பால் தயிராகிறது. அதுபோல ரப்பர் பாலும் சில மணி நேரத்தில் உறைந்துவிடும். கிருமிகள் பெருகி அமிலத்தை உண்டாக்குவதே காரணம். அம்மோனியா கிருமிகளைத் தடுக்கும். அமிலத்தையும் முறிக்கும். பால் உறையாமல் ஆலைக்குப் போகும். அங்கே கையுறை ஆகும், பலூன் ஆகும். கண்ணாடி துடைக்கும் சில திரவங்களிலும் அம்மோனியா உண்டு.

தண்ணீரில் கரையும் குணத்தால் ஆபத்தும் உண்டு. கண், மூக்கு, தொண்டை எல்லாம் ஈரமானவை. அம்மோனியா அந்த ஈரத்தில் கரைந்து புண்ணாக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

அதற்கு முதல் உதவியும் தண்ணீர்தான். கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. உடனே சுத்தமான தண்ணீரால் கழுவ வேண்டும். 15 நிமிடமாவது விடாமல் கழுவ வேண்டும். எலுமிச்சைச் சாறு விடக் கூடாது. பிறகு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிளீச்சிங் பவுடருடன் அம்மோனியா நீரைக் கலக்கக் கூடாது. நச்சுப் புகை கிளம்பும். குடிநீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவும் கூடாது. தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

இளைஞன் கேனைத் திருப்பிப் பார்க்கிறான். அதில் பெயர் எதுவும் இல்லை. ஒரு தாள் எடுக்கிறான். 'அம்மோனியா. குடிக்காதே' என்று பெரிதாக எழுதி ஒட்டுகிறான்.

பெரியவர் அதை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்.

பயிற்சி
1. ரப்பர் பால் ஏன் உறைகிறது?
2. அம்மோனியா நீர் கண்ணில் பட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?
3. உங்கள் வீட்டில் பெயர் எழுதாத பாட்டில் உண்டா? அதில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.