ஒரு நாள்... ஒரு கோயில்!

குழந்தைகளோடு காஞ்சிபுரம் கிளம்புகிறீர்களா? 'ஒரே நாளில் ஏழெட்டுக் கோயில்' என்று பட்டியல் போடாதீர்கள். பசியும் வெயிலுமாக இழுத்துச் சென்றால், 'கோயில் என்றாலே கால்வலி' என்பதுதான் பிஞ்சு மனதில் பதியும்.

சின்னஞ்சிறுசுகளுக்குக் கயிலாசநாதர் கோயில் ஒன்றே போதும். சென்னையிலிருந்து சுமார் 75 கி.மீ. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கற்றளி இது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.

முதலில், புல்வெளியில் தனியே அமர்ந்திருக்கும் நந்தியை வணங்கச் சொல்லுங்கள். உள்ளே, திருச்சுற்று மதிலை ஒட்டி 58 சிறு சந்நிதிகள். எண்ணச் சொன்னால் உற்சாகமாகிவிடுவார்கள். 'மணற்கல் தேய்ந்துவிடும், பழைய ஓவியம் அழிந்துவிடும்' என்று காரணம் சொல்லித் தொடாமல் பார்க்கப் பழக்குங்கள்.

கருவறையில் 16 பட்டை லிங்கமாக ஈசன் அருள்கிறார். அவரை வலம்வரும் குறுகிய வழியில் தவழ்ந்து நுழைந்து, தவழ்ந்தே வெளிவர வேண்டும். இப்படி வலம்வந்தால் மறுபிறவி இல்லை என்பது ஐதீகம். பயப்படும் குழந்தையை வற்புறுத்தாதீர்கள். சந்நிதியில் கைகூப்பினாலே போதும்.

வீடு திரும்பும்போது, 'அடுத்து எப்பம்மா போகலாம்?' என்று பிள்ளை கேட்டால், அதுவே உங்களுக்குக் கிடைத்த பிரசாதம்!