சிவந்த கிண்ணம் ஏன் வெளுத்தது?

சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன், சாலையோரம் சாய்ந்த அங்சானா மரத்தின் கட்டையில் ஒரு கிண்ணம் கடைந்தான். கடைசல் எந்திரத்திலிருந்து எடுத்தபோது செங்கல்லைப் போலச் சிவந்திருந்தது. எண்ணெய் பூசி அம்மாவுக்குக் கொடுத்தான். அவர் அதைச் சன்னலோரம் வைத்தார். சில மாதங்களில் கிண்ணம் மங்கிப் பழுப்பாகிவிட்டது. “கட்டை சரியில்லையா, டீச்சர்?” என்று முகம் வாடக் கொண்டுவந்தான். கவிழ்த்துப் பார்த்தோம். அடிப்பாகம் அப்படியே சிவப்பு! வெளிச்சம் படாத இடத்தில் நிறம் மாறவே இல்லை.

முதிர்ந்த மரத்தின் நடுப்பகுதியில் செல்கள் இறந்து, நிறமுள்ள வேதிப்பொருள்கள் சேர்கின்றன. ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இப்பொருள்களும், மர இழைகளைப் பிணைக்கும் லிக்னினும் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுகின்றன. அந்த ஆற்றலால் மூலக்கூறுப் பிணைப்புகள் உடைகின்றன. பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் வினைபுரிந்து நிறம் மாறுகிறது. சன்னல் கண்ணாடி தடுக்காதா? 320 முதல் 400 நானோமீட்டர் வரையுள்ள கதிர்களில் பெரும்பகுதி சாதாரணக் கண்ணாடியைக் கடந்து வந்துவிடும்.

எண்ணெய் பூசியதும் கட்டை அடர்நிறமாவது ஏன்? உலர்ந்த கட்டையின் நுண்துளைகளில் காற்று இருக்கிறது. காற்றின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.0; மர இழைக்கு 1.5. இந்த வேறுபாட்டால் ஒளி சிதறி, கட்டை வெளிறித் தெரிகிறது. எண்ணெய்க்கும் ஏறக்குறைய 1.5தான். அது துளைகளை நிரப்பியதும் சிதறல் குறைந்து நிறம் ஆழமாகத் தெரிகிறது. மழையில் நனைந்த சட்டையும் இப்படித்தான். ஆனால், எண்ணெய் புற ஊதாக் கதிர்களைப் போதிய அளவு தடுப்பதில்லை.

புற ஊதா உறிஞ்சி கலந்த வார்னிஷ் உதவும். வெயிலுக்குப் பூசும் கிரீமைப் போல, அது கதிரின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடும். அதுவும் நாளடைவில் வலுவிழக்கும்; மங்குவதைத் தாமதப்படுத்துமே தவிர, முழுவதும் நிறுத்தாது. சாயம் பூசலாம் என்பார்கள். மரத்தின் ரேகைகளை மறைப்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

நிறம் மாறியது மேலே மெல்லிய படலம் மட்டுமே. கிண்ணத்தை மணல்தாளால் தேய்த்தோம், சிவப்பு திரும்பியது. இப்போது அது வெயில் எட்டாத அலமாரியில் இருக்கிறது.

நீங்களும் சோதிக்கலாம். தச்சுப்பட்டறையில் சாயம் பூசாத அடர்நிறக் கட்டைத் துண்டுகள் இரண்டு கேளுங்கள். ஒன்றில் மட்டும் ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். இரண்டிலும் பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் சன்னலில் ஒரு மாதம் வையுங்கள். எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிப் போட வேண்டாம். தானே சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.