கிணற்றின் கீழே கடல்

ஊர் திரும்பும் குடும்பம் வளவைத் துப்புரவாக்கியதும் முதலில் செய்வது கிணற்றை இறைத்துப் பார்ப்பதுதான். 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தை விட்டு வெளியேறிய எமது குடும்பங்களில் சில திரும்பிவிட்டன. சில இன்னும் வேறிடங்களில் வாழ்ந்துகொண்டு, இடைக்கிடை வந்து காணியைப் பார்த்துப் போகின்றன. இரு சாராரும் கேட்பது ஒன்றையே: "கிணறு உவராகிவிட்டதே, இனித் தோட்டம் செய்யலாமா?" விடை காண்பதற்கு, நிலத்தின் கீழே நடப்பதை முதலில் அறிந்துகொள்வோம்.

1. எமது தண்ணீர் எங்கே இருக்கிறது?

வேலணை, ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு எங்கும் ஆறு இல்லை. நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மாரி மழை மண்ணினூடாகவும் கல்லின் வெடிப்புகளினூடாகவும் இறங்கி அங்கே தங்குகிறது. அதற்கும் கீழே, சுற்றியுள்ள கடலிலிருந்து புகுந்த உப்புநீர் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்ததால் உப்புநீரின் மேல் மிதக்கிறது. தீவின் நடுப்பகுதியில் அது தடிப்பாகவும், கரையை நோக்கிப் போகப்போக மெல்லியதாகவும் இருக்கும். மாலைதீவு மக்களுக்கும் இயற்கை இப்படித்தான் நன்னீரை வைத்திருக்கிறது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கலாம். இதன் மறுபக்கமே ஆபத்தானது. மட்டத்தை 1 அடி குறைத்து நெடுநாள் அப்படியே வைத்திருந்தால், அடியிலுள்ள உப்புநீர் 40 அடி வரை மேலே வர இடமுண்டு. துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை.

2. இறைக்காத கிணறு ஏன் உவரானது?

"முப்பது வருடமாக ஒருவரும் இறைக்கவில்லையே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இறைப்பு மட்டுமே காரணமல்ல. ஆளில்லாத ஊரில் குளம் தூர்ந்துபோகிறது. அணைகள் உடைந்தால் பெருக்கு நேரத்தில் கடல்நீர் வயலுக்குள் ஏறுகிறது. வெள்ளவாய்க்கால் அடைபட்டு, மழைநீர் குளத்துக்குப் போகாமல் வேறு வழியாகக் கடலைச் சேர்கிறது. நன்னீரைத் தாங்கிநிற்கும் மணற்பிட்டிகளில் மணல் அகழ்ந்தால் அந்தச் சேமிப்பும் குறைகிறது. சாட்டி, மண்கும்பான் பக்கத்து மணல் நிலம் இதனாலேயே பெறுமதியானது. ஆகவே ஒரு கிணற்றைத் திருத்துவது என்பது அதைச் சுற்றியுள்ள ஊரைத் திருத்துவதாகும்.

3. காலநிலை மாற்றம் என்ன செய்கிறது?

பூமியின் சராசரி வெப்பம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிடுகையில் 2011–2020 காலப்பகுதியில் சுமார் 1.1 பாகை செல்சியஸ் கூடியிருந்தது. இதனால் எமக்கு மூன்று தாக்கங்கள் உண்டு.

முதலாவது, கடல். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. 2006–2018 காலத்தில் அது ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றராக விரைவுற்றது. எமது தாழ்ந்த நிலங்களுக்கு இது சிறிய அளவல்ல.

இரண்டாவது, மழை. வெப்பம் 1 பாகை கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே மழை பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு அதிகரிக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாரி பொய்த்ததால், நாற்பது ஆண்டுகளில் காணாத வரட்சியை நாடு 2017இல் கண்டது. 2020 டிசம்பரில் புரெவிப் புயலோடு யாழ்ப்பாணம் வெள்ளத்தில் நின்றது. ஒரு புயலுக்கோ ஒரு வரட்சிக்கோ காலநிலை மாற்றம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டுக்கும் நாம் ஆயத்தமாக இருக்கவேண்டும். சில நாளில் கொட்டும் மழை நிலத்துள் இறங்க நேரமின்றிக் கடலுக்கு ஓடிவிடுகிறது.

மூன்றாவது, வெயில். கோடை வெப்பம் கூடினால் பயிர் அதிக தண்ணீர் கேட்கும். நாமும் அதிகம் இறைப்போம்.

4. நாம் செய்யக்கூடியவை

(அ) மெதுவாக இறைப்போம். அடிகாணும் வரை ஒரே மூச்சில் இறைக்காமல், காலையும் மாலையும் சிறிது சிறிதாக இறைப்பது நல்லது. உவர் கண்ட கிணற்றை ஆழமாக்குவதும் அதனுள் குழாய் இறக்குவதும் உப்பை நாமே அழைப்பதாகும்.

(ஆ) தண்ணீரை அளந்து பயிரைத் தெரிவோம். விவசாயப் போதனாசிரியரிடம் தண்ணீரின் மின்கடத்துதிறனைப் பரிசோதிக்கக் கேட்கலாம். அளவு 800 மைக்ரோசீமன்ஸைத் தாண்டினால் வெங்காயத்தின் விளைச்சல் குறையத் தொடங்கும். மிளகாய்க்கு அந்த எல்லை ஏறத்தாழ 1,000. பீற்றூட் 2,700 வரை தாங்கும். உவர் கூடிய காணியில் வெங்காயத்துக்காகக் கடன்படுவது பெருநட்டம்.

(இ) ஈரத்தைக் காப்போம். பாத்திகளுக்கு வைக்கோல், காய்ந்த இலைகுழை ஆகியவற்றால் மூடாக்கு இட்டால் இறைக்கும் தடவைகள் குறையும்.

(ஈ) கூரை நீரைச் சேர்ப்போம். 500 சதுர அடி ஓட்டுக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஏறத்தாழ 4,600 லீற்றர் விழும். ஐந்தில் ஒன்று வீணானாலும் 3,700 லீற்றர் மிஞ்சும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் நாளுக்கு 15 லீற்றர் எடுக்கும் குடும்பத்துக்கு இது எட்டு மாதம் போதும். முதல் மழை கூரையைக் கழுவிப் போகட்டும். தொட்டியை நுளம்பும் வெளிச்சமும் புகாதவாறு மூடவேண்டும்.

(உ) குளத்தையும் அணையையும் ஊராகத் திருத்துவோம். புரட்டாதிக்கு முன் குளத்தைத் தூர்வாரி, வாய்க்காலைத் துப்புரவாக்கி, அணையின் உடைவை அடைக்கவேண்டும். சிரமதானத்தால் முடியாததைக் கமக்காரர் அமைப்பு கமநல சேவை நிலையத்திடம் எழுத்தில் கேட்கவேண்டும்.

தாளையடியில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரக்கூடியதாக அமைக்கப்பட்டது. அது நல்ல முயற்சியே. ஆனால் அது குடிநீருக்கானது. எமது தோட்டங்களுக்கு அதனால் இறைக்க முடியாது. தோட்டத்துக்கு மாரியில் நாம் மறித்துவைக்கும் மழையே உண்டு.

5. இறைவார்த்தையின் ஒளியில்

தொடக்க நூல் 26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கும் இடம்பெயர்ந்தவராகவே இருக்கிறார். தந்தை ஆபிரகாமின் காலத்தில் தோண்டப்பட்டு, பின் பிலிஸ்தியர் மண்போட்டு மூடிய கிணறுகளை அவர் மீண்டும் தோண்டினார். தந்தை இட்ட பெயர்களையே அவற்றுக்கு இட்டார். புதிதாகத் தோண்டிய இரண்டு கிணறுகளுக்கு வழக்கு வந்தது. அவர் விட்டுக்கொடுத்து அப்பால் போனார். மூன்றாவது கிணற்றில் எவரும் சண்டையிடவில்லை.

எமது வேலிகள் நிலத்தின் மேலேதான் நிற்கின்றன. கீழேயுள்ள தண்ணீருக்கு வேலி இல்லை. ஒருவர் அளவுக்கு மீறி இறைத்தால் அயலவரின் கிணறும் உவராகும். போர் எம்மை ஒருமுறை ஊரைவிட்டு எழுப்பியது. உப்பு எழுப்பினால் திரும்பி வருவதற்கு ஊர் இருந்தும் தண்ணீர் இராது. இதை இப்போதே தடுக்க எம்மால் முடியும்.

கலந்துரையாடலுக்கு

1. எமது ஊரில் நன்னீர்க் கிணறுகள் எவை? முன்பு நன்னீராக இருந்து உவரானவை எவை? முதியோரிடம் கேட்டு ஒரு படம் வரைவோம்.
2. மழைநீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறது? எங்கே மறிக்கலாம்?
3. இறைப்பு நேரம் பற்றி அயலவர்களோடு என்ன ஒழுங்கு செய்துகொள்ளலாம்?
4. அடுத்த மாரிக்கு முன் எந்தக் குளத்தை நாம் முதலில் எடுப்போம்?