ஒரு புள்ளிக்கு ஒரு நிமிடம்

மோர்ஸ் குறியீடு என்றதும் தந்தி அலுவலகமும், கட்டுக்கட என்று ஓயாமல் தட்டும் கருவியும்தான் நினைவுக்கு வரும். நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலையோடு முடிந்துபோனது. ஆனால் 'ஹாம் ரேடியோ' எனப்படும் அமெச்சூர் வானொலியில் மோர்ஸ் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதில் வேகமாக அனுப்புவதற்குப் போட்டிகளே நடக்கின்றன. அதே ஹாம்களில் ஒரு சிறு கூட்டம் மட்டும் நேர் எதிர்த் திசையில் போனது. ஒரு புள்ளியை அனுப்ப 3 வினாடி, 30 வினாடி, சில வேளைகளில் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த முறைக்கு 'கியூஆர்எஸ்எஸ்' என்று பெயர். ஒன்பதாம் வகுப்பில் ஒலி பாடம் நடத்தும்போதும், ஆறாம் வகுப்பில் விகிதம் நடத்தும்போதும் இதை நான் எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த அனுபவத்தைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் பெயர்க் காரணம். தந்திக்காரர்கள் நீண்ட வாக்கியங்களைச் சுருக்கி 'கியூ' என்ற எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறியீடுகளை வைத்திருந்தார்கள். அவற்றில் கியூஆர்எஸ் என்றால் 'இன்னும் மெதுவாக அனுப்புங்கள்' என்று பொருள். அதன் வாலில் இன்னொரு 'எஸ்' சேர்த்தால் 'மிக மிக மெதுவாக'. பின்னால் வரும் எண் ஒரு புள்ளிக்கு எத்தனை வினாடி என்பதைக் காட்டும். கியூஆர்எஸ்எஸ் 3 என்றால் 3 வினாடி. கியூஆர்எஸ்எஸ் 60 என்றால் ஒரு நிமிடம்.

கணக்கு வகுப்புக்கு இதுவே போதும். மோர்ஸில் எல்லாமே புள்ளியின் மடங்குதான். ஒரு கோடு மூன்று புள்ளி நீளம். ஓர் எழுத்துக்குள் வரும் இடைவெளி ஒரு புள்ளி, எழுத்துகளுக்கு இடையில் மூன்று, சொற்களுக்கு இடையில் ஏழு. 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்துகளில் ஏ, எம், எம், ஏ என்று அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 'ஏ' ஒரு புள்ளியும் ஒரு கோடும், இடைவெளியோடு 5 அலகு. 'எம்' இரண்டு கோடு, 7 அலகு. நடுவிலுள்ள மூன்று இடைவெளிகளையும் சேர்த்தால் 5+3+7+3+7+3+5 = 33 அலகு. நிமிடத்துக்கு 12 சொல் என்ற சாதாரண மோர்ஸ் வேகத்தில் ஒரு புள்ளி 0.1 வினாடி; ஆகவே அம்மா 3.3 வினாடியில் முடிந்துவிடும். கியூஆர்எஸ்எஸ் 3-இல் 99 வினாடி. கியூஆர்எஸ்எஸ் 60-இல் 33 நிமிடம். அதாவது வருகைப்பதிவு எடுத்து முடித்து 'அம்மா' என்று அனுப்பத் தொடங்கினால், அந்தப் பாடவேளையே முடியப்போகும்! பிள்ளைகள் தங்கள் பெயர்களுக்கு இப்படிக் கணக்குப் போடச் சொன்னால், நாம் சொல்லாமலேயே அடுத்தவர் பெயருக்கும் போட ஆரம்பித்துவிடுவார்கள். பெயர் நீளமாக இருந்தும் நேரம் குறைவாக வருவது எப்படி என்ற சண்டையில்தான் பாடம் நன்றாக நடக்கும்.

இந்த இடத்தில் எல்லா வகுப்பிலும் ஒரு கேள்வி வந்துவிடும். "சார், எதுக்கு சார் இவ்ளோ நேரம்? போன் பண்ணிட வேண்டியதுதானே?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் ஆன்டெனாவில் இருக்கிறது. 1998-இல் பிரிட்டனில் அமெச்சூர்களுக்கு 136 கிலோஹெர்ட்ஸ் அருகே ஒரு குறுகிய பட்டை கிடைத்தது. 2007-இல் நடந்த உலக வானொலித் தகவல் தொடர்பு மாநாடு 135.7 முதல் 137.8 கிலோஹெர்ட்ஸ் வரை அமெச்சூர்களுக்கென உலக அளவில் ஒதுக்கியது. அமெரிக்காவில் 2017-இல்தான் அனுமதி வந்தது. ஒளியின் வேகத்தை இந்த அதிர்வெண்ணால் வகுக்கச் சொல்லுங்கள். அலைநீளம் சுமார் 2,200 மீட்டர் வரும். ஆன்டெனா நன்றாக வேலை செய்ய அதன் கால் பங்காவது, அதாவது 550 மீட்டர் உயரம் வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் யாரால் நிறுத்த முடியும்? அவர்கள் கட்டுவது பத்துப் பதினைந்து மீட்டர் கம்பமும், அதோடு பொருந்தும் ஒரு பெரிய கம்பிச் சுருளும்தான். கொடுக்கும் மின்திறனில் நூற்றில் ஒரு பங்குகூட அலையாக வெளியேறாது. மீதி சுருளிலும் மண்ணிலும் வெப்பமாகிப் போய்விடும். சில நூறு வாட் கொடுத்தாலும் வெளியே போவது ஒரு வாட்டுக்கும் குறைவு. விதியும் ஒரு வாட்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை.

நம் பிள்ளைகளுக்கு இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் கடற்படைத் தளம், நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு மிகத் தாழ் அதிர்வெண்ணில் செய்தி அனுப்புகிறது. கடல் நீருக்குள் சில மீட்டராவது இறங்கக்கூடியவை அந்த நீண்ட அலைகள்தான். அங்கே கோபுரங்கள் அவ்வளவு உயரமாக இருப்பதற்கும் இதே கணக்குதான் காரணம்.

சரி, ஒரு வாட்டுக்கும் குறைவான அலை கடலைத் தாண்டி எப்படிப் போகும்? போகும், ஆனால் இரைச்சலில் மூழ்கிப் போகும். தாழ் அதிர்வெண்களில் இடி மின்னல்களின் சத்தம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து காதை அடைக்கும். மெதுவாக அனுப்புவதன் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஒரு புள்ளி எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ, அதைக் கேட்கத் தேவையான அதிர்வெண் ஜன்னல் அவ்வளவு குறுகலாக இருந்தால் போதும். 0.1 வினாடிப் புள்ளிக்குச் சுமார் 10 ஹெர்ட்ஸ் ஜன்னல் வேண்டும். 3 வினாடிப் புள்ளிக்கு மூன்றில் ஒரு ஹெர்ட்ஸ் போதும். ஒரு நிமிடப் புள்ளிக்கு அறுபதில் ஒரு பங்கு. இரைச்சல் எல்லா அதிர்வெண்ணிலும் பரவிக் கிடப்பது; ஜன்னலைச் சுருக்கச் சுருக்க உள்ளே வரும் இரைச்சல் குறையும். நமக்கு வேண்டிய குறியோ ஒரே அதிர்வெண்ணில் நிற்பதால் முழுதாக உள்ளே வந்துவிடும். 0.1 வினாடியிலிருந்து 3 வினாடிக்கு மாறினால் இரைச்சல் 30-இல் ஒரு பங்கு. ஒரு நிமிடத்துக்கு மாறினால் 600-இல் ஒரு பங்கு. அனுப்புபவர் திறனை 600 மடங்கு கூட்டியதும் இதுவும் ஒன்றுதான். செலவு மட்டும் பணத்தில் இல்லை, நேரத்தில்.

இதைக் கரும்பலகையில் எழுதினால் தலையாட்டுவார்கள். பகடை உருட்டினால்தான் புரிந்துகொள்வார்கள். ஒருவர் மறைவாக உட்கார்ந்து 0 அல்லது 1 என மனதில் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். அது குறி. ஒவ்வொரு முறையும் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு தன் குறியைக் கூட்டிச் சொல்ல வேண்டும். பகடைதான் இரைச்சல். "4" என்று ஒரே ஒருமுறை சொன்னால் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. 1 அல்லது 7 வந்தால் மட்டும்தான் குட்டு உடையும். நான்கு முறை உருட்டிச் சராசரி எடுத்தாலும் அடிக்கடி தவறும். வகுப்பே சேர்ந்து நூறு எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்தால், குறி 0 என்றால் 3.5-ஐ ஒட்டியும், 1 என்றால் 4.5-ஐ ஒட்டியும் வந்து நிற்கும். பகடை ஒவ்வொரு முறையும் வேறு வேறு பக்கம் இழுக்கிறது. குறி எப்போதும் ஒரே பக்கம் இழுக்கிறது. சராசரி என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல செயல்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. ஐந்தாம் வகுப்புக்கும் இது பொருந்தும்.

2001-இல் இங்கிலாந்திலும் கனடாவிலும் இருந்த இரண்டு அமெச்சூர்கள் 136 கிலோஹெர்ட்ஸில் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி இருவழித் தொடர்பை முடித்தார்கள். பகலில் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு அலையை உறிஞ்சிவிடும் என்பதால் இரவுகளை நம்பித்தான் வேலை. ஒரே இரவில் முடியவில்லை. பல இரவுகள் ஆயின. பேசிக்கொண்டது என்ன? அழைப்புக் குறிகள், குறி எப்படிக் கிடைத்தது என்ற ஓர் அறிக்கை, கிடைத்ததற்கு ஒரு பதில், அவ்வளவே. இந்தத் துறையில் அறிக்கைக்கு மூன்றே எழுத்துகள்தான். 'ஓ' என்றால் நன்றாகக் கிடைத்தது, 'எம்' என்றால் படிக்க முடிகிறது, 'டி' என்றால் தடயம் தெரிகிறது. மோர்ஸ் அட்டவணையைப் பிள்ளைகளிடம் கொடுத்து, ஏன் இந்த மூன்று எழுத்துகள் என்று கேளுங்கள். 'ஓ' மூன்று கோடு, 'எம்' இரண்டு, 'டி' ஒன்று. மூன்றிலும் புள்ளியே கிடையாது. குறுகிய புள்ளி இரைச்சலில் தொலைந்தாலும் நீண்ட கோடு தப்பிவிடும்.

இங்கே பாடத்தை விட்டுச் சற்று விலகுகிறேன். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சராசரியாக ஏறக்குறைய ஒரே வினாடி. அதை 3 வினாடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன. 'தெரியாது' என்பது குறைந்தது. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். கியூஆர்எஸ்எஸ் 3-இன் ஒரு புள்ளி அளவு நேரம்தான் அது! மெல்லக் கற்போர் என்று நாம் பட்டியல் எழுதும் பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் பதில் இல்லாதவர்கள், எத்தனை பேர் நாம் ஒரு வினாடியில் அடுத்த பெஞ்சுக்குத் தாவியதால் கேட்கப்படாதவர்கள் என்பது எனக்குக் கவலையான கேள்வி. நிமிடத்துக்கு எத்தனை சொல் வாசிக்கிறார்கள் என்று அளப்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. அதை மட்டுமே அளப்பதில் உண்டு. பகடைச் செயல்பாட்டில் கடைசிவரை கூட்டல் தவறாமல் கணக்கு எழுதிய மாணவி, வாசிப்பில் என் வகுப்பிலேயே மெதுவானவள்.

ஆனால் மெதுவாக இருந்தாலே எல்லாம் கிடைத்துவிடும் என்றும் சொல்லக் கூடாது. இயற்பியல் அதற்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. ஜன்னல் அறுபதில் ஒரு ஹெர்ட்ஸ் என்றால், அனுப்புபவரின் அதிர்வெண் அந்த ஜன்னலை விட்டு நகரவே கூடாது. 136 கிலோஹெர்ட்ஸில் அது கோடியில் ஒரு பங்கு அளவு நிலைத்தன்மை. சாதாரணப் படிகம் அறையின் வெப்பம் மாறினாலே நழுவிவிடும்; அதனால் படிகத்தை ஒரே வெப்பநிலையில் வைக்கும் சிறு அடுப்பு தேவைப்படுகிறது. அலை வரும் பாதையும் நிலையாக இருப்பதில்லை. குறி இருபது நிமிடம் எழுந்து பிறகு அமிழ்ந்தால், இரண்டு நிமிடப் புள்ளிகளால் ஓர் அழைப்புக் குறியைக்கூட முடிக்க முடியாது. எனவே பாதை எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதைப் பார்த்துத்தான் வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நேரத்தை மிச்சப்படுத்த இன்னொரு வழியையும் கண்டார்கள். புள்ளிக்கும் கோட்டுக்கும் ஒரே நீளம். ஆனால் கோட்டை மட்டும் சற்றே உயர்ந்த அதிர்வெண்ணில் அனுப்புவது. அப்போது நீளத்தைப் பார்க்க வேண்டாம், உயரத்தைப் பார்த்தால் போதும்.

'பார்த்தால்' என்று சொல்வது தெரிந்துதான். இந்த மோர்ஸைக் காதால் கேட்க முடியாது. ஒரு நிமிடம் நீளும் புள்ளியைக் காது புள்ளி என்று உணராது. அறுபதில் ஒரு ஹெர்ட்ஸ் ஜன்னலும் காதுக்குக் கிடையாது. ரிசீவரின் ஒலியைக் கணினிக்குக் கொடுத்தால், மென்பொருள் அதை நேரம், அதிர்வெண் என்று படமாக வரைகிறது. மங்கலான திரையில் மெல்லிய கோடுகள் தோன்றும். அவற்றைக் கண்ணால் வாசிக்க வேண்டும்.

இதை உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் வானொலியே இல்லாமல் செய்யலாம். வானொலி அலை அனுப்ப உரிமம் வேண்டும். ஒலி எழுப்ப யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒலி உருவாக்கும் செயலி ஒன்றில் 800 ஹெர்ட்ஸ் வைத்து, காதுக்குக் கேட்டும் கேட்காமலும் இருக்கும் அளவுக்கு ஒலியைக் குறையுங்கள். மின்விசிறிகளை முழு வேகத்தில் ஓட விடுங்கள். ஒரு மாணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து 3 வினாடிக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் ஒலியை இயக்கி நிறுத்தட்டும். கணினியின் மைக்கில் 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருளால் பதிவு செய்து, பதிவை நிறமாலைப் படமாகக் காட்டச் சொல்லுங்கள். அமைப்பில் ஜன்னல் அளவு 1024 என்று இருந்தால், வினாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவில், ஒவ்வொரு அதிர்வெண் கட்டமும் 43 ஹெர்ட்ஸ் அகலம். படத்தில் இரைச்சல் மட்டுமே தெரியக்கூடும். அதை 32768 ஆக்கினால் கட்டம் சுமார் 1.3 ஹெர்ட்ஸ் ஆகும். 800-க்கு நேராக ஒரு கோடு துண்டு துண்டாக மேலெழுந்து வரும்.

அனுப்பியவரைத் தவிர மற்றவர்களுக்குச் செய்தி என்னவென்று தெரியாமல் இருப்பது முக்கியம். மூன்று நான்கு எழுத்துக்கு மேல் வேண்டாம். படத்தை அச்செடுத்து, அளவுகோலும் மோர்ஸ் அட்டவணையும் கொடுத்து, ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக் கொடுங்கள். வாசித்து முடிக்க நேரம் குறிக்க வேண்டாம்.