குளம் நிறைந்தால் பூமி ஆடுமா?



1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்குப் போய்க் குடியேறிய சொந்தங்கள் நம்மில் பலருக்கு உண்டு. 2024 ஜூன் 18 இரவு வவுனியாப் பக்கம் 2.3 அளவில் ஒரு சிறு நில அதிர்வு உணரப்பட்டது. இப்படிச் செய்தி வந்தால் கேள்வியும் வரும்: "இரணைமடுக் குளத்துல இவ்வளவு தண்ணி நிக்குதே, அதனால பூமி ஆடுமா?"

கேள்வி நியாயமானது. இந்தியாவில், மகாராஷ்டிர மாநிலத்தில் கொய்னா ஆற்றை மறித்து 103 மீற்றர் (சுமார் 338 அடி) உயர அணை கட்டினார்கள். தண்ணீர் தேக்கத் தொடங்கியபின் அங்கே சிறு சிறு அதிர்வுகள் வந்தன. 1967 டிசம்பர் 11 விடியற்காலையில் 6.3 அளவில் பெரிய பூகம்பம். சுமார் 180 பேர் இறந்தார்கள்.

ஏன் அப்படி? நம்ம லயத்துக்கு மேலே உள்ள மண்மேட்டை நினைத்துப் பாருங்கள். வெயிலில் அசையாமல் நிற்கும். அடைமழையில் தண்ணீர் உள்ளே இறங்கினால் பிடிப்பு விட்டுச் சரியும். பூமிக்கு அடியிலும் ஏறக்குறைய இதே கதைதான். அங்கே பாறைகளில் வெடிப்புகள் உண்டு. இரு பக்கப் பாறையும் நெருக்கிக்கொண்டு நகர முடியாமல் நிற்கும். மேலே தேங்கிய தண்ணீரின் பாரம் அழுத்தும். தண்ணீர் வெடிப்புக்குள் கசிந்து பிடிப்பைக் குறைக்கும். பாறை வழுக்கும், நிலம் ஆடும். ஆனால் பாறைக்குள் இறுக்கம் முன்பே சேர்ந்திருக்க வேண்டும். தண்ணீர் அதை அவிழ்த்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இது பெரும்பாலும் மிக ஆழமான நீர்த்தேக்கங்களில் நடப்பது. இரணைமடு நிறைந்தாலும் சுமார் 36 அடிதான். அங்கே நம் சொந்தங்கள் கவனிக்க வேண்டியது வெள்ளத்தை. 2018 டிசம்பரில் வான் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி பட்ட பாடு தெரியும்தானே!

மலையகத்தில் விக்டோரியா அணை 122 மீற்றர் உயரம். 2020 ஆகஸ்டில் திகனப் பக்கம் அதிர்வு உணரப்பட்டபோது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம் ஆராய்ந்தது. ஆகவே பீதி வேண்டாம், கவனம் வேண்டும்.

நிலம் ஆடினால்:

• முண்டியடித்து ஓடாதீர்கள். உறுதியான மேசைக்குக் கீழே தலையை மூடிக்கொண்டு இருங்கள்.
• ஆட்டம் நின்றபின் பிள்ளைகள், முதியவர்களோடு வெளியே வாருங்கள்.
• சுவரில் புது வெடிப்பு கண்டால் காம்பிராவுக்குள் திரும்பிப் போகாதீர்கள். 117க்கு அறிவியுங்கள்.

இதை வீட்டில் வாசித்துக் காட்டுங்கள். வன்னியில் உள்ள சொந்தங்களுக்கும் சொல்லுங்கள்.